வெட்டிய ஒரு வரி

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்றவன் பேனையை எடுத்தால் தன் புராணத்தைத்தான் பாடுவான் என்பது ஊரறிந்த விசயம். எனக்கும் பாட ஆசைதான். பெரிய வழக்குகள், பெயர்பெற்ற நியாயவாதிகள், என்னைப் பாராட்டிய நீதவான்கள் என்று ஒரு கொப்பி நிறைய எழுதலாம். ஆனால் அவற்றால் உங்களுக்கு ஒரு சதத்துக்கும் பயன் இல்லை. ஆகவே நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். அதை நான் விட்டது நீதிமன்றத்திலும் அல்ல, ஒரு படம் ஓடிய மண்டபத்தில்.

எழுபதுகளின் பிற்பகுதி. திருகோணமலை நீதிமன்றத்தில் எனக்குப் பதினைந்து வருடச் சேவை முடிந்திருந்தது. பாலையூற்றிலிருந்து சைக்கிளில் போகும்போது வழியில் நிற்பவர்கள், நீதிமன்றத்தைக் கோடு என்னும் ஊர் வழக்கப்படி, "கோட்டு ஐயா போறார்" என்பார்கள். அது காதில் விழாதது போல மிதித்துக்கொண்டு போவேன். விழாமல் இருந்த நாள் ஒன்றும் இல்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்த சிலரும் ஆசிரியர்கள் சிலரும் நானும் சேர்ந்து ஒரு திரைப்பட வட்டம் நடத்தி வந்தோம். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து தகரப் பெட்டிக்குள் படச்சுருள் ரயிலில் வரும். இருபது பேர் கூடியிருந்து, திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்தபடி பார்ப்போம். முடிந்ததும் நீண்ட விவாதம் நடக்கும். தனக்கு விளங்கவில்லை என்பதை மற்றவனுக்குக் காட்டாமல் இருப்பதற்காக நடந்த விவாதம் அது.

ஒரு மாதம் வரப்போவதாக அறிவித்த படம் வேறு மாதிரியானது. ஜேர்மனியில் கூலி வேலைக்குப் போன துருக்கிக்காரர்களைப் பற்றியது. அங்கே வாழ்ந்த துருக்கி இளைஞர் ஒருவர், எந்தக் கம்பனியின் தயவும் இல்லாமல், கமராவை இரவல் வாங்கி, தன்னோடு தொழிற்சாலையில் நின்றவர்களையே நடிக்க வைத்து எடுத்தாராம். நம்முடைய பக்கத்தில் அப்போதுதான் மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியிருந்தது. கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று எங்கு போனாலும் கடவுச்சீட்டுக் கதைதான். வட்டத்தின் தலைவர் துறைமுகத்தில் பொறியியலாளர். அவர்தான் முதலில் சொன்னார்:

"இந்தப் படத்தை நாங்கள் இருபது பேர் பாத்து என்ன காணப்போறம்? போகப்போற சனமெல்லோ பாக்கவேணும்."

நல்ல யோசனை. நகர மண்டபம், சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. அப்படியென்றால் கிண்ணியாக்காரர் ஆறு மணிக்குள் கடைசிப் பாதையைப் பிடித்துவிடலாம். கடலின் ஒடுங்கிய வாயைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். ஆனால் அந்தப் படத்தில் ஆங்கில எழுத்தும் இல்லையாம், இருந்தாலும் வருகிற சனத்துக்கு அது உதவாது. யாராவது மைக்கில் தமிழ் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுப்பவன் போல அரை நிமிடம் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

படத்துக்கு முன்னரே வசனத் தாள்கள் தபாலில் வந்தன. ஜேர்மன், துருக்கி இரண்டிலும் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சாகியிருந்தது. ஒரு வாரம் இருந்து தமிழில் எழுதினேன். எழுதியதை மணிக்கூட்டை வைத்து வாசித்துப் பார்த்தால் நீளம் கூட. திரையில் ஒருவன் அழுது முடித்த பிறகும் நான் அவன் பேச்சை வாசித்துக்கொண்டிருக்க ஏலாது. ஆகவே சிவப்புப் பேனையை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

கதையின் நாயகன் ஹசன். அவன் வேலைக்குச் சேரும் இடத்தில் ஒரு காட்சி. மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி ஜேர்மன் மொழியில் ஒப்பந்தத்தைச் சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் தொழிற்சாலை மொழிபெயர்ப்பாளன் அதைத் துருக்கியில் ஹசனுக்குச் சொல்கிறான். தாளில் இருவரின் பேச்சும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டும் "இரண்டு வருட வேலை" என்றே தொடங்கின. நம்முடைய தொழிலின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாட்சி சொல்வது பதிவாகும், மொழிபெயர்ப்பாளன் திருப்பிச் சொல்வதை யாரும் இரண்டாம் தடவை எழுதுவதில்லை. ஒரே விசயத்தை இரு முறை சொல்வானேன் என்று, இரண்டாவதைக் கடைசிவரை வாசிக்காமலே ஒரு கோடு இழுத்தேன். வேறு தொழில் செய்பவன் ஒருவன் அந்தக் கோட்டை இழுத்திருக்க மாட்டான். அவன் இரண்டையும் வாசித்திருப்பான்.

இந்த இடத்தில் நிசாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணியாக்காரர், துறைமுகத்தில் லோஞ்சு எனும் மோட்டார் படகு ஓட்டியவர், முப்பது வயது இருக்காது. முன்பு ஒரு வழக்கில் சாட்சியாக வந்த பழக்கம். படத்துக்கு இரண்டு நாளைக்கு முன் கடைத்தெருவில் கண்டு என்னை மறித்தார்.

"ஐயா, திங்கக்கிழம ஏஜென்சிக்காரண்ட பேப்பர்ல கையெழுத்து வெக்கப்போறன். அங்கயும் துறமுகத்துல லோஞ்சு வேலதானாம். வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வரலாமாம்."

"பேப்பரை வாசிச்சனீங்களோ?"

"இங்கிலீசும் அறபும். அறபு எண்டா எழுத்துக் கூட்டி ஓதிருவன், கருத்துத் தெரியாதே. ஏஜென்சிட ஆள்தான் வாசிச்சுச் சொன்னார். பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். அவ பயப்புடுறா."

"சனிக்கிழமை ரெண்டு பேரும் படத்துக்கு வாங்கோ. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஆக்களின்ரை கதை. நான்தான் தமிழ் சொல்லுறன்."

"ஓம் ஐயா, வாறம்" என்று போனார்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. கதிரை போதாமல் சுவரோடு நின்றார்கள். நிசாரும் சித்தி என்ற அவர் மனைவியும் நடுவரிசையில் இருந்தார்கள். முன்வரிசையில் பள்ளிக்கூட அதிபர்மார், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் உத்தியோகத்தர்கள், இரண்டு நியாயவாதிகள். படச்சுருள் அன்று காலையில்தான் ரயிலில் வந்தது. முன்கூட்டி ஓட்டிப் பார்க்க அவகாசம் இல்லை.

தொடக்கத்தில் சனம் என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. ஹசனின் மனைவி செய்னப் வாய் திறக்க, என் கட்டைக் குரல் "நான் இந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு தனியே என்ன செய்வேன்?" என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? நீதிமன்ற வழக்கப்படி எல்லோருக்காகவும் "நான்" என்றே சொன்னேன். பத்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கியது. திரையில் ஒருவன் ஸலாம் சொல்ல, மண்டபத்தில் பாதிப்பேர் தங்களை அறியாமலே பதில் சொன்னார்கள். பின்வரிசைப் பெண்கள் செய்னப்பைத் தங்கள் ஊர் வழக்கப்படி செய்னம்பு என்று கூப்பிட்டு, அவளுக்குப் புத்தி சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒப்பந்தக் காட்சி முதல் ரீலின் கடைசியில் வந்தது. அதிகாரி பேசினான். நான் சொன்னேன்: "இரண்டு வருட வேலை. அது முடியும்வரை ஊருக்குப் போக முடியாது. கடவுச்சீட்டு எங்களிடம் இருக்கும். காயம் பட்டால் நாங்கள் பொறுப்பல்ல." மொழிபெயர்ப்பாளன் ஹசனிடம் பேசியபோது தாளின்படி சும்மா இருந்தேன். ஹசன் முகமெல்லாம் சிரிப்பாகக் கையெழுத்து வைத்தான். இவ்வளவையும் கேட்டுவிட்டு இவன் ஏன் சிரிக்கிறான் என்று எனக்கு ஒருகணம் தட்டியது. நடிக்கத் தெரியாத ஆள், தொழிற்சாலைக் கூலிதானே என்று நினைத்து, தாளைப் புரட்டினேன்.

இரண்டாவது ரீலின் முடிவில் ஹசனின் தகப்பன் இறந்துபோன செய்தி வருகிறது. ஊருக்குப் போக வேண்டும் என்று அதிகாரியிடம் போகிறான். அதிகாரி ஒப்பந்தத்தை நீட்டுகிறான். ஹசன் கத்துகிறான்: "இப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை! வருடத்துக்கு ஒருமுறை போகலாம் என்றுதான் சொன்னீர்கள்! என்னை ஏமாற்றிவிட்டீர்கள்!"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"பொய் சொல்றான்! எல்லாத்தையும் கேட்டுத்தானே கையெழுத்து வெச்சவன்!" என்று யாரோ கத்தினார். இன்னொருவர், "தொரைக்கு இப்பதான் ஞாபகம் வருது" என்றார். பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. நடுவரிசையில் நிசாரும் சிரித்தபடி மனைவியிடம் ஏதோ சொன்னார்.

கையெழுத்து வைக்கும்போது ஹசன் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. திரையின் வெளிச்சத்தில் முதல் ரீலின் தாளைத் தேடி எடுத்து, சிவப்புக் கோட்டின் அடியில் இருந்ததை முதல்முறையாக முழுதும் வாசித்தேன். தொழிற்சாலை மொழிபெயர்ப்பாளன் ஹசனிடம் சொன்னது இதுதான்: "இரண்டு வருட வேலை. வருடா வருடம் ஊருக்குப் போய் வரலாம். கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்போம். காயம் பட்டால் கம்பனி பார்க்கும்." படம் முழுதும் அந்தப் பொய்யின் மேலேதான் நின்றது. அதைத்தான் நான் வெட்டியிருந்தேன். ஏமாற்றப்பட்ட மனிதனை, தெரிந்தே கையெழுத்து வைத்துவிட்டுப் பொய் சொல்பவனாக முந்நூறு பேருக்குக் காட்டிவிட்டேன். திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப்போகும் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. ஒரேயொரு புரொஜெக்டர், அடுத்த ரீலை ஏற்றப் பத்து நிமிடம் ஆகும். தலைவரிடம் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன்.

"முதல் ரீலைத் திரும்பச் சுத்திப் போடேலுமோ?"

"விசரே உமக்கு? பாதை போயிடும். சனத்துக்குக் கதை பிடிச்சிருக்கு. ஆரும் கவனிக்கேல்லை. விடும்."

திரும்பப் போட ஏலாதுதான். ஆனால் அது தேவையும் இல்லை. மைக்கைப் பிடித்து இரண்டு வசனம் சொன்னால் போதும்: "முதல் ரீலில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். ஹசனுக்கு மொழிபெயர்த்தவன் பொய் சொன்னான்." அரை நிமிட வேலை.

நான் சேவைக்கு வந்த புதிதில் எங்கள் நீதிமன்றத்தில் ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஒரு கரைவலை மீன்பிடி வழக்கில், சாட்சி இரண்டு தோணி என்று சொன்னதை ஒரு தோணி என்று சொல்லிவிட்டார். சாட்சி இறங்கிப்போன பிறகு அது அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே எழுந்து, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நீதவானிடம் சொன்னார். நீதவான் சீறினார், நியாயவாதிகள் இளித்தார்கள். பிறகு தேநீர்க் கடையில், "உங்களுக்கு வெக்கமாய் இருக்கேல்லையோ?" என்று கேட்டேன். "வெக்கம் இந்தத் தேத்தண்ணி குடிச்சு முடியப் போயிடும். பிழை பதிவிலை நிண்டிடும்" என்றார்.

இதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. மைக்குக்குப் பக்கத்திலும் போனேன். முன்வரிசையில் ஒரு நியாயவாதி, "பிரமாதம்" என்று கையால் சைகை காட்டினார். அவ்வளவுதான். அந்தச் சைகையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை, இருந்ததாக இத்தனை வருடத்தில் எனக்கே ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஆனால் பிழையைத் திருத்தவும் வேண்டுமே. அதற்கு ஒரு கெட்டித்தனம் செய்தேன். மூன்றாவது ரீலில் ஹசன் தனியே ரயில் நிலையத்தில் இருக்கும் நீண்ட காட்சி. பேச்சே இல்லை. அங்கே நான் ஹசனாகப் பேசினேன்: "எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் பொய் சொன்னான். வருடா வருடம் ஊருக்குப் போகலாம் என்று சொன்னான். அவனை நம்பித்தானே கையெழுத்து வைத்தேன்." குரலைக் கொஞ்சம் உடைத்தும் சொன்னேன். மண்டபம் அடங்கிப்போனது. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவது மைக்கடிவரை கேட்டது. படம் முடிய எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

தாள்களை அடுக்கிக்கொண்டிருக்க நிசார் வந்தார். மனைவி கொஞ்சம் தள்ளி நின்றார்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டா? அந்த ரயில் ஸ்டேசன்ல அவன் பேசினதா சொன்னீங்களே. அவன்ட வாய் அசையல்லியே."

நான் தாள்களைக் கயிற்றால் கட்டத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"நாங்க இந்திப் படம் பாத்துப் பழகின ஆக்கள். பாசை தெரியாட்டியும் வாயப் பாத்துக்கிட்டே இருப்பம். அவன் ஒண்டும் பேசல்ல. முன்னுக்கு எல்லாம் வெளங்கித்தான் கையெழுத்து வெச்சான். அதையும் நீங்கதான் சொன்னீங்க. பொறகு இல்ல எண்டுறீங்க. இதுல எது படம், எது நீங்க?"

பத்து நிமிட இடைவேளையில் நான் விட்ட சந்தர்ப்பம், மறுபடியும் கையில் கொண்டுவந்து தரப்பட்டது. நான் செய்தது என்ன? கோபப்பட்டேன். பிழை பிடிபட்டவனுக்கு வருகிற கோபம் போல ஒரு கோபம் இல்லை.

"நான் பதினைஞ்சு வருசமாய்க் கோட்டிலை மொழிபெயர்க்கிறனான். எனக்கு நீங்கள் படிப்பிக்க வரவேண்டாம்."

நிசாரின் முகம் மாறியது. "எங்கட ஆக்கள் போய் உழைக்கிறது டவுனுல சில பேருக்குப் புடிக்கல்ல எண்டு ஏஜென்சிட ஆள் சொன்னார். இதுவரைக்கும் நான் நம்பல்ல" என்றார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். திங்கட்கிழமை கையெழுத்து வைத்தார் என்றும், அடுத்த மாதம் பயணம் போனார் என்றும் கேள்விப்பட்டேன்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆன பிறகு அவரை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் கண்டேன். துறைமுக வேலை என்று கூட்டிப்போய் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டிருக்கிறார்கள். இடையில் ஒருமுறையும் ஊருக்கு விடவில்லை. அவரைப் போல இன்னும் சிலர் சேர்ந்து ஏஜென்சிக்காரன் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அப்போதிருந்த நீதவானுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு நான்தான்.

எதிரியின் நியாயவாதி குறுக்குக் கேள்வி கேட்டார். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போக ஏஜென்சி விட்டதா? விட்டது. எத்தனை நாள் வைத்திருந்தீர்? நாலு நாள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடமாவது காட்டினீரா?

நிசார் சொன்னார்: "காட்டத்தான் கொண்டுபோனன். டவுன் ஹோல்ல ஒரு படம் காட்டினாங்க. அங்க இங்கிலீசு தெரிஞ்ச ஒருவர் இருந்தார். அவருக்கிட்டக் காட்டச் சொல்லிப் பொண்டாட்டி என்ட சட்டப் பையில வெச்சுத் தந்தா. கடைசில காட்டல்ல."

நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நீதவான் தானே ஒரு கேள்வி கேட்டார்: யார் அந்த மனிதர்?

நிசார் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "பேர் ஞாபகமில்ல" என்றார்.

அதையும் அப்படியே சொன்னேன். அது என் கடமை. சொல்லி முடித்துவிட்டு, அந்த மனிதன் நான்தான் என்றும், இந்தச் சாட்சிக்கு வேறொருவரை நியமிக்க வேண்டும் என்றும் நீதவானிடம் சொன்னேன். எதிரியின் நியாயவாதி துள்ளி எழுந்தார். வழக்கு ஒரு மாதம் ஒத்திப்போடப்பட்டது. நீதவான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது இன்றும் மறக்கவில்லை.

வெளியே விறாந்தையில் நிசார் நின்றார். சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. நிசார் கை நீட்டினார், அது தாயின் பின்னால் ஒளிந்தது.

"என்னத்துக்கு ஐயா சொன்னீங்க? நான்தான் பேர் ஞாபகமில்ல எண்டு சொன்னனே" என்றார்.

"அண்டைக்குப் பிழை என்னிலை, நிசார். படத்திலை ஒரு வரியை வெட்டிப்போட்டன். அதை மறைக்கத்தான் அவன் பேசாததைப் பேசினதாய்ச் சொன்னனான்."

நிசார் பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஐயாவுக்கு எங்கயோ பிழச்சுப்போச்சு எண்டு எனக்கு அண்டைக்கே வெளங்கின. நீங்க கோவமாப் பேசின பொறகும் நான் போகல்ல. ஹோல் வாசல்ல நிண்டன். பாதை போகப்போகுது எண்டு இவ கையப் புடிச்சு இழுக்கிறா. ஐயா வெளிய வருவார், ஒரு சொல்லுச் சொல்லுவார், பேப்பரக் குடுப்பம் எண்டு நிண்டன். எல்லாரும் போய் ஹோலையும் பூட்டினாங்க. நீங்க வரல்ல."

அன்று நான் பின்கதவால் போயிருந்தேன். தலைவர் வீட்டில் தேநீர் ஏற்பாடாகியிருந்தது. அந்த ரயில் நிலையக் காட்சியை நான் சொன்ன விதத்தை ஆறு மணிவரை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.